கண்டாலாவுக்குக் காற்று வாங்கப் போனோம்

காற்று வாங்கப் போவதற்காக ஒரு குடும்பம் இவ்வளவு சாமான் கட்டியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஒரு மூட்டை அரிசி, பருப்பு டின்கள், புளி, சாம்பார்ப்பொடி, அப்பளக் கட்டு, பம்ப் ஸ்டவ், அதற்கு மண்ணெண்ணெய், காபி ஃபில்டர், அது அடைத்துக்கொண்டால் இருக்கட்டும் என்று இன்னொரு ஃபில்டர், மாதுங்கா மார்க்கெட்டில் அன்று காலை கண்முன்னால் அரைத்து வாங்கிய காபிப்பொடி, தண்ணீர்க் கூஜா, தேங்காய்த் துருவி. துருவியை ஹோல்டாலுக்குள் மெத்தையோடு சுருட்டி வைத்திருந்தார்கள். தாதரிலிருந்து கல்யாண் வரை என் கணவர் அதன் மேல்தான் உட்கார்ந்து வந்தார். குத்துகிறது என்று வாயைத் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அப்பா என்ன நினைப்பாரோ.

அறுபதுகளின் ஆரம்பம் அது. மாதுங்காவில் எங்கள் வீடு இரண்டு அறையும் ஒரு சமையலறையும். அதில் மாமனார், மாமியார், என் கணவர், நான், ஆறு மாதக் குழந்தை. மாமனார் ஏதோ ஒரு கணக்கு ஆபீஸில் சூப்பரின்டெண்டென்டாக இருந்து ரிடையர் ஆனவர். ஆபீஸ் அவரை விட்டாலும் அவர் ஆபீஸை விடவில்லை. குளிக்கப் போகும்போது கூட ‘நான் வருவதற்குள் இது முடிந்திருக்க வேண்டும்’ என்று ஒன்றை விட்டுவிட்டுத்தான் போவார். அவருடைய பழைய மேலதிகாரி ஒரு பார்சிக்காரர். அவருக்குக் கண்டாலா மலையில் ஒரு பங்களா. மழைக்காலம் முடிந்த கையோடு, சும்மா பூட்டிக் கிடக்கிறது, போய் இருந்துவிட்டு வாருங்கள் என்று சாவியைக் கொடுத்தார். அந்தச் சாவியை மாமனார் ஒரு வாரம் மாதுங்கா முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

ஆனால் போனது காற்றுக்காக மட்டும் இல்லை. என் வழக்கைத் தீர்ப்பதற்காக.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் ஆபீஸ்கள் நிறைந்த ஃபோர்ட் வட்டாரத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. செம்பூரில் அம்மாவோடு இருந்தபோது வாங்கிய வேலை. நல்ல ஸ்பீட் எனக்கு. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆபீஸில் மட்டும்தான் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வீட்டில் நான் ‘அவ’. கணவருக்கு ‘இந்தா’. மாமனாருக்கு அதுவும் கிடையாது. அவர் என்னோடு நேராகப் பேச மாட்டார். மாட்டுப்பெண்ணோடு மாமனார் முகம் பார்த்துப் பேசுவது அவர்கள் வழக்கத்தில் இல்லையாம். நான் எதிரே நின்று ரசம் ஊற்றிக்கொண்டிருக்கும்போது, அடுக்களையில் இருக்கும் மாமியாரைப் பார்த்து, “ரசம் போறும்னு அவகிட்ட சொல்லு” என்பார். மாமியார் அங்கிருந்து, “ரசம் போறுமாம்டி” என்பாள். அதற்குள் இலையில் ரசம் ஓடும். இதை மரியாதை என்று இவர்கள் நிஜமாகவே நம்பினார்கள்.

பிரசவ லீவு முடிந்து, அதற்கு மேல் சம்பளமில்லாத லீவும் முடியப்போகிற நேரம். கண்டாலாவிலிருந்து திரும்பியதும் வருகிற திங்கட்கிழமை நான் ஆபீஸில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மாமனாருக்கோ நான் வேலைக்குப் போவதே பிடிக்கவில்லை. கல்யாணத்தின்போது பிடித்திருந்தது, அது வேறு விஷயம். இப்போது பேரன் பிறந்துவிட்டான். ‘கைக்குழந்தையை விட்டுட்டு மாட்டுப்பொண்ணை வேலைக்கு அனுப்பறார்’ என்று கோயிலில் நாலு பேர் பேசுவார்களாம். அந்த நாலு பேரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டில் அவர்கள் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் கோயிலுக்கு வந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்புக்கு வழி குழந்தையே வைத்திருந்தான். என்னிடம் தவிர வேறு எதிலும் பால் குடிக்க மாட்டான். புட்டியின் ரப்பரை நாக்கால் வெளியே தள்ளுவான். சங்கில் புகட்டினால் துப்புவான். ஸ்பூனைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வான். பகல் முழுவதும் நான் ஆபீஸில் இருந்தால் பட்டினி கிடப்பானா? இந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, அதுதான் என் துரதிர்ஷ்டம். மாமனார் மாமியாரிடம் சொன்னார், அதாவது என்னிடம் சொன்னார்: “கண்டாலாவுல முயற்சி பண்ணட்டும். கொழந்தை வேற பால் குடிச்சான்னா, பேஷா ஆபீஸ் போகட்டும். குடிக்கலேன்னா வேலையை விட்டுடணும். அப்பறம் என்கிட்ட வந்து மூக்கைச் சிந்தப்படாது.”

நான் என்றைக்கு அவரிடம் போய் மூக்கைச் சிந்தினேன்?

பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். அழகான பங்களா, அதை மறைத்து என்ன. பின்பக்கம் சின்னத் தோட்டம், தோட்டத்து முனையில் ஒரு கல் பெஞ்சு, அதற்கு அப்பால் நேரே பள்ளத்தாக்கு. மழை நின்று பச்சைப் பசேலென்று இருந்தது. எதிர் மலையில் வெள்ளைக் கோடாக அருவி. நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். மாமியார் பின்னாலிருந்து, “அதெல்லாம் எங்கயும் ஓடிப்போகாது, வா, உள்ள என்ன கண்றாவி இருக்குன்னு பாப்போம்” என்றாள்.

உள்ளே இருந்த கண்றாவி சமையலறை. அங்கே முட்டையும் மாமிசமும் சமைத்திருப்பார்கள். மாமியார் வாசற்படியில் நின்று புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருந்த பெரிய கத்தியைக் கண்டதும் பின்வாங்கிவிட்டாள். இந்த வீட்டில் யாரும் எதையும் சமைக்காத இடம் எது என்று அறை அறையாகத் தேடினாள். கடைசியில் குளியலறை அகப்பட்டது. அங்கே வெள்ளைப் பீங்கானில், சிங்கக்கால் வைத்த ஒரு குளியல் தொட்டி. அதைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அரிசி மூட்டையையும் பருப்பு டின்களையும் அதற்குள் வைத்தாள். சமையல் பின் வராந்தாவில், ஸ்டவ்வில். நாங்கள் எல்லோரும் குளித்தது தோட்டத்துக் குழாயடியில். பங்களாவைப் பார்த்துக்கொண்ட மராட்டிக்காரர் பால் கொண்டுவந்தபோது தற்செயலாக அந்தத் தொட்டியைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் எங்களோடு மெதுவாக, நோயாளிகளிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்தார்.

மற்றபடி மாதுங்காவில் என்ன செய்வார்களோ அதையேதான் கண்டாலாவில் செய்தார்கள். காலையில் காபி, பிறகு பூஜை, பிறகு சாப்பாடு, தூக்கம், மறுபடி காபி. மலையைப் பார்த்து மாமனார் சொன்ன ஒரே வார்த்தை, “நல்ல டிரெய்னேஜ்.” தண்ணீர் தேங்கவில்லை என்பதைப் பாராட்டினார். என் கணவர் அதற்கும் தலையாட்டினார்.

என் கணவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. குரலை உயர்த்த மாட்டார், கையை ஓங்க மாட்டார், கொடுத்ததைச் சாப்பிடுவார். அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் கைக்குட்டை. வெள்ளைக் கைக்குட்டை, நாலாக மடித்து இஸ்திரி போட்டது, தினம் ஒன்று. லீவில் போகிற இடத்தில் கைக்குட்டைக்கு என்ன வேலை என்று கேட்டேன். இருக்கட்டும் என்றார். ஒரு அடுக்கு கொண்டுவந்திருந்தார். அவற்றைத் துவைப்பது என் வேலை. அவர் அப்பா ஒன்று சொன்னால் நெற்றியைத் துடைப்பார், நான் ஒன்று சொன்னால் கழுத்தைத் துடைப்பார். பதில் மட்டும் வராது.

பால் புகட்டும் சடங்கு தினம் மூன்று வேளை நடந்தது. ஹாலில் பார்சிக்காரருடைய மூதாதையர் படங்களுக்குக் கீழே நான் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்காருவேன். மாமியார் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, புட்டியில் ஊற்றித் தருவாள். மாமனார் சாய்வு நாற்காலியில், ஆபீஸில் டெஸ்பாட்சைப் பார்வையிடுகிற மாதிரி, கால்மேல் கால். நான் ரப்பரை அவன் உதட்டில் வைப்பேன். அவன் முகத்தைத் திருப்புவான். மறுபடி வைப்பேன். உதடு பிதுங்கும். சங்கில் எடுத்துக் கடைவாயில் விட்டால் கழுத்தெல்லாம் வழியும். பிறகு அழுகை. அழுகை வந்ததும் மாமனார் எழுந்திருப்பார்.

“பாத்தியோ? அவனுக்குத் தெரியறது. பெரியவாளுக்குத்தான் தெரியலை. சொல்லு அவகிட்ட.”

“அப்பா சொல்றது கேட்டதோல்லியோ?” என்பாள் மாமியார்.

கேட்டது. மூதாதையர் படங்களுக்கும் கேட்டிருக்கும்.

நான் விடவில்லை. சர்க்கரை போட்டுப் பார்த்தேன். தண்ணீர் கலந்து பார்த்தேன். ரப்பரின் ஓட்டையை ஊசியைச் சுட வைத்துப் பெரிதாக்கினேன். என் புடவையைச் சுற்றிக்கொண்டு புட்டியைக் கொடுக்கும்படி மாமியாரிடம் கெஞ்சினேன், என் வாசனைக்காவது ஏமாறமாட்டானா என்று. மாமியாரும் பாவம், என் புடவையை மடிப்புடவைக்கு மேல் போர்த்திக்கொண்டு முயற்சி செய்தாள். அவளுக்கு நான் வேலைக்குப் போவதிலும் ஆட்சேபம் இல்லை, போகாமல் இருப்பதிலும் இல்லை. சாப்பாட்டு நேரம் தவறாமல் இருந்தால் போதும். குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். பால் குடிக்கவில்லை.

காலையில் மட்டும் எனக்கு ஒரு மணி நேரம் விடுதலை. மாமனார் காபியை எடுத்துக்கொண்டு தோட்டத்து முனைக் கல் பெஞ்சுக்குப் போவார். போகும்போது குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவார். “மலையைக் காட்டறேன், அவளைத் துணி துவைக்கச் சொல்லு” என்பார் மாமியாரிடம். காபி ஆற்றுவதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. டம்ளரை நெற்றி வரைக்கும் உயர்த்தி டபராவில் விழவைப்பார், ஒரு சொட்டு சிந்தாது. குழந்தை அந்தத் தாரையைக் கண்கொட்டாமல் பார்ப்பான், தலை மேலும் கீழும் போகும். என் கணவரும் பின்னாலேயே நடப்பார். அவருக்கு மலை மேல் வாக்கிங். மூவரும் மூலையில் திரும்பிச் செவ்வரளிப் புதருக்குப் பின்னால் மறைவார்கள். நான் குழாயடியில் உட்கார்ந்து துணியை அடித்துத் துவைப்பேன். அந்த ஒரு மணி நேரத்துக்காக அந்த மனுஷரிடம் எனக்கு நன்றி கூட இருந்தது. இதை இப்போது எழுதும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

கிழவருக்கு மலைக் காற்றில் பசி வேறு திறந்துகொண்டது. காபியோடு தனியாக ஒரு டம்ளர் பாலும் கேட்டு வாங்கிப் போக ஆரம்பித்தார். “இந்த வயசுல எதுக்கு இவ்வளவு பால்” என்று மாமியார் முணுமுணுத்தாள். எனக்கும் அருவருப்பாகத்தான் இருந்தது. பேரன் பாலுக்கு முகம் திருப்புகிறான், தாத்தா டம்ளர் டம்ளராக இறக்குகிறார்.

துணியில் என் கணவரின் கைக்குட்டை தினமும் ஒன்று வந்தது. நாலாக மடித்ததன் நடுவில் வெளிர்ப் பழுப்பாக ஒரு கறை, மோந்து பார்த்தால் புளித்த வாடை. “காபியைக் கொட்டிண்டேளா?” என்று கேட்டேன். “ம்” என்றார். மறுநாளும் கறை. வளர்ந்த ஆள் ஒரு காபி குடிக்கத் தெரியாமல் தினமும் கொட்டிக்கொள்கிறாரே என்று நினைத்தேன். சோப்பைப் போட்டுக் கசக்கினேன். மலையேறி வந்தும் இவருக்கு வாய் ஓட்டை என்று அருவியிடம் சொன்னேன்.

குழந்தை காலையில் என்னிடம் சரியாகக் குடிக்காமல் இருந்தான். நாலு வாய் குடித்துவிட்டு விளையாடப் போய்விடுவான். எனக்கு மார் கட்டிக்கொண்டு வலி. ரவிக்கை நனைந்துவிடும். “மலைக் காத்து, பசிக்காது” என்றாள் மாமியார். தாத்தாவுக்கு மட்டும் பசிக்கிற மலைக் காற்று. அதை நான் அப்போது யோசிக்கவில்லை. எனக்கு மூளை எங்கே இருந்தது? திங்கட்கிழமையில் இருந்தது. ஃபோர்ட்டில், ஜன்னல் ஓரம், என் டைப் மெஷின் எதிரே என் நாற்காலியில் வேறு எவளோ உட்காரப்போகிறாள் என்பதில் இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் கடைசி முயற்சி. புட்டி, சங்கு, ஸ்பூன், வரிசையாக மூன்றும். அவன் அழுது அழுது தொண்டை கட்டிவிட்டது. மாமனார் எழுந்திருக்கக்கூட இல்லை. “போறும்னு சொல்லு” என்றார்.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தோட்டத்துக் கல் பெஞ்சுக்குப் போனேன். என் கணவர் வந்து பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “வேலையை விட்டுடறேன்னு சொல்லிடேன். எதுக்கு வம்பு? அப்பறமா வேற ஒண்ணு கிடைக்காமயா போயிடும்?” என்றார்.

“உங்களுக்கு என்ன தோண்றது? நீங்க சொல்லுங்கோ.”

“எனக்கென்ன தோண்றது. கொழந்தை குடிக்கலையே.”

அதில் எதிர்த்துப் பேச என்ன இருக்கிறது? குழந்தை குடிக்கவில்லை. நான் சரி என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது எதிர் மலைக்குத்தான் தெரியும். சொன்னதும் அழுகை வந்தது, அழுதேன். என் கணவர் உள்ளே போய் ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். கல் பெஞ்சில் உட்கார்ந்து தோலை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாக என் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளாக அவர் எனக்கு எதையும் உரித்துக் கொடுத்ததில்லை. இந்த மனுஷருக்கும் உள்ளே ஏதோ இருக்கிறது, வாய்தான் இல்லை என்று நினைத்தேன். ஆரஞ்சு இனிப்பாக இருந்தது. எல்லாச் சுளையையும் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை மூட்டை கட்டுவதிலேயே போயிற்று. அரிசி மூட்டை மட்டும் சின்னதாகியிருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டதால் தோட்டத்துக்கு யாரும் போகவில்லை, காபி கூடக் குடிக்கவில்லை. மாமியார் காபியைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டாள். ஒரு புட்டிப் பாலும் காய்ச்சி எடுத்துக்கொண்டாள், பழக்க தோஷம்.

ரயிலில் ஜன்னலோரம் மாமனார், அவருக்குப் பக்கத்தில் மாமியார். எதிர் சீட்டில் ஜன்னலோரம் மடியில் குழந்தையோடு நான், எனக்குப் பக்கத்தில் என் கணவர். அவருக்கு அடுத்து பூனாவிலிருந்து வரும் ஒரு மராட்டி அம்மாள். வண்டி கிளம்பியதிலிருந்து குழந்தை சிணுங்கினான். கூட்டம், நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு கொடுக்கப் பார்த்தேன், அவன் வேண்டாம் என்று திமிறினான். புட்டியைக் கொடுத்தேன், தட்டிவிட்டான். என்னதான் வேண்டும் என்று தெரியவில்லை.

அப்போது மாமியார் பிளாஸ்க்கைத் திறந்தாள். காபி வாசனை பெட்டியெல்லாம் பரவியது. மாமனார் டபராவையும் டம்ளரையும் கையில் வாங்கிக்கொண்டார். ஓடுகிற ரயிலில் அவ்வளவு உயரமாக முடியாது, ஒரு சாண் உயரத்தில் ஒரு ஆற்று ஆற்றினார்.

குழந்தை சிணுங்கலை நிறுத்தினான். தலையைத் திருப்பினான். பிறகு என் மடியிலிருந்து உடம்பு முழுவதையும் அந்தப் பக்கம் எறிந்தான். இரண்டு கையும் டபராவை நோக்கி நீண்டிருந்தன. வாயை ‘ஆ’ என்று திறந்து வைத்துக்கொண்டான். ரப்பருக்கும் சங்குக்கும் பூட்டிக்கொண்ட அதே வாய்.

மாமனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

குழந்தை அலறினான். அவர் பார்வையை மலையிலிருந்து எடுக்கவில்லை. அவருக்கு மலை மேல் அவ்வளவு ஆசை இருந்ததை அன்றுதான் கண்டேன். மராட்டி அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “கொடுங்களேன் தாத்தா, தினமும் கொடுத்துப் பழக்கியிருக்கிறீர்கள் போலிருக்கிறது, இப்போது இல்லை என்றால் குழந்தை என்ன செய்யும்?” என்று ஹிந்தியில் கேட்டாள். கேட்டது அவரைத்தான், ஆனால் முகத்தில் ஈயாடாமல் போனது என் கணவருக்கு.

அலறல் கூடியது. மாமனார் கை தாங்கவில்லை. வாய் எத்தனை பிடிவாதம் பிடித்தாலும் பழகிய கை பழகியதைச் செய்யும் போலிருக்கிறது. என் பக்கத்தில் கிடந்த புட்டியை எடுத்தார். ரப்பரைக் கழற்றினார். டபராவில் இருந்த காபியைத் தன் டம்ளரில் திருப்பி ஊற்றி, அடியில் ஒரு முழுங்கு மட்டும் மிச்சம் வைத்தார். அதன் மேல் பாலைச் சாய்த்தார். இரண்டு தரம் ஆற்றினார். ஒரு சொட்டை மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்தார். எல்லாம் ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. டபராவின் விளிம்பைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்தார்.

குழந்தை குடித்தான். உதட்டைக் குவித்து உறிஞ்சி, மூச்சு விட்டு, மறுபடி உறிஞ்சி, பெரிய மனுஷன் மாதிரி குடித்தான்.

அந்த நேரம் பார்த்து வண்டி குகைக்குள் நுழைந்தது. இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. சக்கரச் சத்தத்துக்கு நடுவிலும் அவன் உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. குகை முடிந்து வெளிச்சம் வந்தபோது முதலில் என் கண்ணில் பட்டது டபரா இல்லை. குழந்தையின் தாடைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கைக்குட்டை. நாலாக மடித்தது. ஒழுகப்போகிற இடத்துக்குச் சரியாக அரை அங்குலம் கீழே, கொஞ்சமும் அசையாமல், என் கணவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைப் பிடிக்கச் சொல்லவில்லை. குழந்தை மூச்சு விடும்போது கைக்குட்டை உயர்ந்து உதட்டை ஒற்றியது, டபரா வரும்போது தாழ்ந்தது. மாமனாரும் என் கணவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே செய்தார்கள்.

துணியின் நடுவில் வெளிர்ப் பழுப்பாகக் கறை ஊறியது.

மாமியார் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்பது நன்றாகத் தெரிந்தது. “ஏன்னா, கொழந்தைக்குக் காபியா கொடுத்தேள்?” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அதுதான் அதிர்ச்சி.

மாமனார் டபராவைக் கீழே வைத்தார். பிறகு, நான் அந்த வீட்டில் கால் வைத்த நாளிலிருந்து முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்து என்னிடம் பேசினார்.

“அவனுக்குக் கொஞ்சம் காபி வாசனை வேணும். வெறும் பாலாக் கொடுத்தா துப்பிடுவான்.”

அவ்வளவுதான். போன மூன்றாம் நாளே டபராவில் வாயை வைத்துவிட்டான் என்பதையோ, அதற்குப் பிறகும் மூன்று வேளையும் என்னை அந்தப் படங்களுக்குக் கீழே உட்காரவைத்து வேடிக்கை பார்த்தார் என்பதையோ அவர் சொல்லவில்லை. அது பிறகு மாமியார் கேட்டுக் கேட்டு வெளியே வந்தது. ஆனாலும் அவரை என்னால் புரிந்துகொள்ள முடிந்தது. அவர் என்னை ஜெயிக்க நினைத்தார், அதற்காக மறைத்தார். அற்பம்தான். ஆனால் பேரன் வயிறு காய அவருக்கு மனசு வரவில்லை. அவர் கட்சி எது என்பதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

நான் என் கணவரைப் பார்த்தேன்.

“உங்களுக்குத் தெரியுமா?”

அவர் கைக்குட்டையை மடித்தார். கறை உள்ளே போகிற மாதிரி மடித்தார். “அப்பா சொல்ல வேண்டாம்னார்” என்றார்.

நேற்றுச் சாயங்காலம் அந்தக் கல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். தினமும் காலையில் குழந்தை வயிறு முட்டக் குடித்த அதே பெஞ்சு. ‘கொழந்தை குடிக்கலையே’ என்று அங்கே நின்றுதான் சொன்னார். அங்கே உட்கார்ந்துதான் ஆரஞ்சு உரித்தார். நாரை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். வாய் இல்லாத மனுஷர் என்று நினைத்திருந்தேன். வாய் இருந்தது. அதை மூடி வைத்துக்கொள்ள வேண்டிய இடத்தில் கச்சிதமாக மூடிக்கொள்ளத் தெரிந்திருந்தது. கர்ஜத் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன். பேசினால் அந்தப் பெட்டியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் பேசியிருப்பேன்.

திங்கட்கிழமை நான் ஆபீஸ் போனேன். யாரும் தடுக்கவில்லை. தடுக்க என்ன பாக்கி இருந்தது? படி இறங்கும்போது மாமனார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பால்கனியில் நின்றார், கையில் டபரா. அவன் பள்ளிக்கூடம் போகிறவரை அவர்தான் பார்த்துக்கொண்டார். நன்றாகவே பார்த்துக்கொண்டார், குறை சொல்வதற்கில்லை. கொஞ்ச நாளில் கோயிலில் அந்த நாலு பேரிடம், “பொம்மனாட்டிகளும் வேலைக்குப் போணும் ஓய், காலம் மாறிடுத்து. நான்தான் எங்காத்துல அனுப்பி வைச்சேன்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் பக்கத்தில் பிரதட்சிணம் செய்துகொண்டிருந்தேன். ஒரு சுற்று அதிகமாகச் சுற்றினேன், சிரிப்பை அடக்க. அதற்கப்புறம் அவர் என்னோடு நேராகவே பேசினார். ரசம் போதும் என்றால் என்னைப் பார்த்தே போதும் என்றார். இலையில் ரசம் ஓடுவது நின்றது.

என் கணவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்துவிட்டேன். இன்னொரு குழந்தையும் பிறந்தது. அவருடைய வேட்டி, சட்டை, பனியன் எல்லாம் துவைத்திருக்கிறேன். காய்ச்சலில் படுத்தால் படுக்கை விரிப்பைத் துவைத்திருக்கிறேன். கைக்குட்டையை மட்டும் அந்த ரயிலிலிருந்து இறங்கிய நாள் முதல் தொடவில்லை. துணி மூட்டையில் வந்தால் எடுத்துத் தனியே வைத்துவிடுவேன். குளிக்கும்போது அவரே அதைக் கசக்கிப் பிழிந்து, கொடியின் ஓரத்தில் நாலு முனையும் இழுத்து விட்டுக் காயப்போட்டுக்கொள்வார்.

ஏன் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை.